அது வெள்ளைப்புள்ளி நோயே இல்லை!

சென்னைப் புறநகரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார், கூடவே மூன்று புகைப்படங்கள். வீட்டில் இரண்டடி மீன்தொட்டி. எட்டு மாதமாக ஐந்து கோல்டுஃபிஷ், ஒரு சக்கர் மீன் (கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும் கெளுத்தி இனம்). ஏழு வயது மகளின் பிறந்தநாளுக்காக வாங்கியது. போன ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சு நிற மீனின் செவுள் மூடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்திருக்கின்றன. போனில் படத்தைப் பார்த்த கடைக்காரர், "ஒயிட் ஸ்பாட் மேடம், உடனே தண்ணிய மாத்திடுங்க" என்று சொல்லி, லேபிள் இல்லாத ஒரு நீல மருந்து பாட்டிலைக் கொடுத்திருக்கிறார். திங்களன்று தண்ணீர் முழுவதையும் மாற்றி, அடியில் கிடந்த கற்களைக் கழுவி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை தேய்த்து, நீல மருந்து ஊற்றி, ஹீட்டரை 30 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை எல்லா மீனும் மேலே வந்து வாய் பிளந்தன. "மருந்து பத்தல" என்றார் கடைக்காரர். இரண்டு மடங்கு ஊற்றினார்கள். வியாழன் ஒரு மீன் போனது. வெள்ளியன்று இன்னொன்றின் வாயில் பஞ்சு மாதிரி படர்ந்தது. கணவருக்கு முன்பு வாங்கி மீந்திருந்த டெட்ராசைக்ளின் கேப்சூல் இரண்டைப் பிரித்துப் போட்டு, ஒரு கைப்பிடி கல்லுப்பும் சேர்த்திருக்கிறார்கள். சனிக்கிழமை இரண்டாவதாக வேறொரு மீனும் போய்விட்டது. மிச்சம் மூன்று கோல்டுஃபிஷும் சக்கரும். அடுத்து என்ன மருந்து போடுவது என்று கேட்கிறார் வாசகி. எல்லாவற்றையும் ஏரியில் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். வீட்டுக்கு வந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டு போனது என்கிறார் மாமியார். மகளோ, "நான்தான் நிறைய சாப்பாடு போட்டேன்" என்று அழுகிறாள்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அடுத்த மருந்து எது என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: எதுவும் இல்லை. அந்த நீல பாட்டிலையும் கேப்சூல் அட்டையையும் மகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, இதைப் படியுங்கள்.

முதல் புகைப்படம்

நீங்கள் அனுப்பிய முதல் படத்தை மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தேன். செவுள் மூடியின் மேல் பதினைந்து இருபது புள்ளிகள், ஏறக்குறைய ஒரே அளவு, ஊசியால் குத்தி வைத்ததுபோல. மார்புத் துடுப்பின் முன் விளிம்பில், அந்தக் கெட்டியான முதல் கதிரின் மேல், ஒரு வரிசை. உடம்பில் ஒன்றும் இல்லை. வாலில் ஒன்றும் இல்லை. மீன் துடுப்பை நன்றாக விரித்துக்கொண்டு நிற்கிறது.

அது நோய் இல்லை. உங்கள் ஆரஞ்சு மீன் ஆண் என்று அர்த்தம். வயதுக்கு வந்த ஆண் கோல்டுஃபிஷுக்கு, பெரும்பாலும் இனப்பெருக்கப் பருவத்தில், செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பிலும் இப்படி முத்து முத்தாகத் தடிக்கும். நம் பையன்களுக்கு மீசை அரும்புவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன். பருவம் முடிந்தால் மறையும், மறுபடி வரும். சில ஆண்களுக்கு வருடம் முழுக்க இருக்கும்.

உண்மையான வெள்ளைப்புள்ளி நோய் வேறு மாதிரி இருக்கும். இக்தியோஃப்திரியஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியால் வருவது அது. தூள் உப்பைத் தூவிவிட்டதுபோல உடம்பு, வால், துடுப்பு என்று கண்ட இடத்திலும் புள்ளி இருக்கும். இன்று ஐந்து, நாளை முப்பது என்று கூடும். மீன் கல்லிலும் கண்ணாடியிலும் உடம்பை உரசிக்கொண்டு போகும். உங்கள் கடிதத்தில் உரசல் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடைக்காரரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். போனில் வந்த மங்கலான படத்தில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது, கையில் வெள்ளைப் புள்ளிக்கான மருந்து இருந்தது, அவ்வளவுதான். நான் படிக்கும் காலத்தில் இதே தவறைச் செய்து, ஆரோக்கியமாக இருந்த ஒரு மீனுக்குப் பத்து நாள் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

பிறகு மீன்கள் ஏன் செத்தன?

அந்த வாரம் நீங்கள் செய்த வைத்தியம்தான் காரணம். இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது புரியாவிட்டால் மீதி மூன்றும் போய்விடும்.

மீன் சாப்பிடும் புரதத்தின் கழிவு பெரும்பாலும் அதன் செவுள் வழியாகவே அம்மோனியாவாக வெளியே வருகிறது. அது விஷம். எட்டு மாதம் உங்கள் தொட்டி ஓடியது எப்படி என்றால், ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் குடியிருந்த பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிக்கொண்டிருந்தன. ஸ்பாஞ்சில் இருந்த அந்தப் பழுப்பு நிற வழவழப்பு அழுக்கில்லை. உங்கள் தொட்டியின் ஈரல் அது. திங்கட்கிழமை அதைக் குழாய்த் தண்ணீரில் வெள்ளையாகும்வரை தேய்த்துக் கழுவினீர்கள். தப்பிப் பிழைத்தவற்றை நீல மருந்து கவனித்துக்கொண்டது. நிறத்தைப் பார்த்தால் மெத்திலீன் ப்ளூ போலத்தான் தெரிகிறது. அது ஃபில்டர் பாக்டீரியாவை வாட்டும் மருந்து.

"தண்ணீரை முழுசா மாத்தினா சுத்தம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நம் கண்ணுக்குச் சுத்தம். ஆனால் மாதக்கணக்கில் ஓடிய தொட்டியில் தண்ணீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) மெல்ல இறங்கியிருக்கும். புதிதாக ஊற்றிய போர் தண்ணீரில் அது 8 வரை இருப்பது சாதாரணம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும், அதில் ஒன்றுதான் கடுமையான விஷம். 28 டிகிரி சூட்டில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதம்கூட விஷ வடிவத்தில் இருக்காது. பிஎச் 8 என்றால் 6 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதே அளவு கழிவு, கிட்டத்தட்ட பத்து மடங்கு விஷம்.

அதோடு ஹீட்டர். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை தாங்கும் தண்ணீர், 30-இல் ஏழரைதான் தாங்கும். அம்மோனியாவில் வெந்த செவுளோடு குறைந்த ஆக்சிஜனில் மூச்சுவிட முடியாமல்தான் புதன்கிழமை எல்லாமே மேலே வந்தன. எல்லா மீனும் ஒரே சமயத்தில் சுணங்கினால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். ஒரு மீனில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பரவினால் நோயைச் சந்தேகப்படுங்கள். எப்போதும் பொருந்தும் விதி என்று சொல்லமுடியாது, ஆனால் என்னிடம் வரும் பத்தில் எட்டுத் தொட்டிகளுக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது.

"சக்கர் மட்டும் நல்லாத்தானே இருக்கு, அப்போ தண்ணி சரியாத்தானே இருக்கணும்?" என்ற உங்கள் கேள்வி புத்திசாலித்தனமானது. ஆனால் சக்கர் மீன் சாட்சி சொல்ல லாயக்கில்லாத ஆள். மேலே வந்து காற்றை விழுங்கி, வயிற்றாலேயே சுவாசிக்கக்கூடியது அது. சாக்கடை மாதிரித் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும்.

வாயில் படர்ந்த பஞ்சு

மூன்றாவது படத்தில் கறுப்பு மீனின் வாயைச் சுற்றிச் சாம்பல் கலந்த வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, ஓரம் லேசாக மஞ்சள். பார்த்தால் பூஞ்சை போலத் தெரியும். படத்தை மட்டும் வைத்துச் சொல்வதென்றால், இது பூஞ்சை இல்லை, காலம்நாரிஸ் என்ற பாக்டீரியா நோயாகத்தான் இருக்க வேண்டும். செவுளும் தோலும் புண்ணான மீனைத் தேடிப் பிடிக்கும் நோய் இது. சூட்டில் வேகமாகப் பரவும். வெள்ளைப்புள்ளி என்றால் சூட்டை ஏற்றுகிறோம். இதற்கு இறக்க வேண்டும். பெயர் தெரியாமல் வைத்தியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

அப்படியானால் டெட்ராசைக்ளின் பாக்டீரியாவுக்கான மருந்துதானே, கேப்சூல் போட்டது சரிதானே என்று தோன்றும். டெட்ராசைக்ளின் கால்சியத்தோடும் மெக்னீசியத்தோடும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் போர் தண்ணீர் கடினநீர். பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீரில் மருந்தில் பெரும்பகுதி மீனுக்குள் போவதற்குள் வீணாகியிருக்கும். மறுநாள் தண்ணீர் கலங்கி நுரைத்ததும் நல்ல அறிகுறி இல்லை. அரைகுறை அளவில் ஆன்டிபயாடிக் போட்டால், அதற்குப் பழகிப்போன கிருமிகளை வீட்டுக்குள் நாமே வளர்த்ததாக ஆகும். மருத்துவர் சீட்டில் மட்டுமே தரவேண்டிய மருந்தை மீனுக்கும் சீட்டோடுதான் தரவேண்டும்.

இன்று இரவிலிருந்து

உங்கள் தொட்டி 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி என்றால் விளிம்புவரை 56 லிட்டர். கல்லும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்ணைத் தொட்டியின் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். உப்பானாலும் மருந்தானாலும் இதை வைத்துத்தான் கணக்கு.

முதலில் தண்ணீர். தினமும் 20 லிட்டர் எடுத்துவிட்டு 20 லிட்டர் ஊற்றுங்கள், ஒரு வாரத்துக்கு. முழுவதையும் மாற்றவே வேண்டாம். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, வாளியில் ஓர் இரவு வைத்துக் காற்றுக்குழாய் ஓடவிட்டால் போதும். குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ என்றால், கடையில் 'ஆன்டி குளோரின்' என்று கேட்டால் தரும் தயோசல்ஃபேட் படிகத்தைக் கரைத்துக்கொள்ளுங்கள். கேன் தண்ணீர் வேண்டாம். அதில் தாது உப்பு அநேகமாக இருக்காது, பிஎச் நிலையாக நிற்காது. ஊற்றும் தண்ணீரின் சூடும் தொட்டியின் சூடும் கையை விட்டுப் பார்த்தால் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஹீட்டரை ஒரே நாளில் அணைக்காதீர்கள். நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரி இறக்கி 25-க்குக் கொண்டுவாருங்கள். காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் இன்னொன்று போடுங்கள். இரவிலும் நிறுத்த வேண்டாம்.

சாப்பாடு மூன்று நாளைக்குக் கிடையாது. பாவம் என்று தோன்றும். கோல்டுஃபிஷ் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. உள்ளே போகவில்லை என்றால் அம்மோனியாவும் அவ்வளவாக வெளியே வராது. அப்புறம் ஒரு நாளைக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு.

உப்பு. லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் 45 கிராம் போதும். நீங்கள் ஏற்கெனவே போட்ட ஒரு கைப்பிடி அநேகமாக அதற்குப் பக்கத்தில் வந்திருக்கும், அதனால் மேலே சேர்க்காதீர்கள். தினமும் எடுக்கும் 20 லிட்டருக்குப் பதிலாக 20 கிராமை மட்டும் தனியே கரைத்து ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, எடுத்த தண்ணீரோடு போனதை மட்டும்தான் திருப்பிப் போட வேண்டும். இதை மறந்து தினமும் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு மீனைக் கருவாடாக்கிய வீடுகள் உண்டு.

கறுப்பு மீனைத் தனியே எடுத்து ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் ஏர் ஸ்டோனோடு வையுங்கள். அங்கே உப்பு லிட்டருக்கு 3 கிராம் வரை போகலாம், ஒரேயடியாக இல்லாமல் ஒரு நாளில் மூன்று தவணையாக. டப்பில் ஃபில்டர் இல்லை, ஆகவே தினமும் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். இரண்டு நாளில் பஞ்சு பரவினால், மீன் நோய் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோங்கள். உங்களுக்குப் பக்கம்தான், மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மாதவரம் வளாகத்தில் விசாரியுங்கள். உயிருள்ள மீனைத்தான் கொண்டுபோக வேண்டும். செத்து மூன்று மணி நேரம் ஆன மீனில் எங்களுக்குத் தெரிவது குறைவு.

ஃபில்டரை மறுபடி உயிர்ப்பிக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், அவருடைய அழுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டருக்குள் செருகுங்கள், அந்தக் காலத்தில் பாதி மிச்சம். அம்மோனியா இறங்கும் நேரத்தில் நைட்ரைட் ஏறும். மீன் திரும்ப மேலே வந்து மூச்சு வாங்கினால் பயந்து மருந்து தேடாதீர்கள். உப்பில் உள்ள குளோரைடு நைட்ரைட்டை ஓரளவு தடுக்கும். நைட்ரைட் பூஜ்ஜியம் ஆகும்வரை உப்பு இருக்கட்டும். இனிமேல் ஸ்பாஞ்ச் கழுவுவதென்றால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி. பழுப்பு நிறம் மிச்சமிருக்கட்டும்.

இது எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது. அம்மோனியா, நைட்ரைட், பிஎச் மூன்றும் பார்க்கும் சொட்டு டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். கடைக்காரர் "அதெல்லாம் தேவையில்ல" என்றாராமே, தேவை.

நிஜமாகவே வெள்ளைப்புள்ளி வந்தால்

கொளத்தூர் சந்தையிலிருந்து புது மீன் வாங்கி நேராகத் தொட்டியில் விட்டால் என்றாவது வரும். அப்போது ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மீன் உடம்பில் தெரியும் புள்ளியை மருந்து தொடாது. அது தோலுக்கு அடியில் இருக்கிறது. புள்ளி பழுத்து உதிர்ந்து, அடியில் ஒட்டி, நூற்றுக்கணக்கில் பிரிந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் உப்போ மருந்தோ அதைக் கொல்லும். "மூன்று நாள் போட்டோம், புள்ளி போயிடுச்சு" என்று நிறுத்துகிறவர்களுக்குத்தான் பத்தாம் நாள் திரும்ப வருகிறது. புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும். மாலகைட் கிரீன் கலந்த மருந்தென்றால் கையுறை போடுங்கள். நாம் உண்ணும் மீன்களுக்குப் பல நாடுகளில் தடை செய்யப்பட்ட சாயம் அது. சக்கர் போன்ற கெளுத்தி இனங்களுக்குப் பாதி அளவுதான். புது மீனை மூன்று, நான்கு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டு விட்டால் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவைப்படாது.

ஏரி வேண்டாம்

உங்கள் கணவர் அலுத்துப்போய்ச் சொல்லியிருக்கிறார், புரிகிறது. ஆனால் ஏரியிலோ கோயில் குளத்திலோ விடவே கூடாது. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இன்று மீனவர்கள் வலையைக் கிழிக்கும் அந்த முள் உடம்பு சக்கர் மீன்கள் எல்லாம் யாரோ வளர்த்த தொட்டிகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் போனவையும் அவற்றின் வம்சமும்தான். நோய்க் கிருமியும் கூடவே போகும். வளர்க்க முடியவில்லை என்றால், முதலில் குணமாக்கிவிட்டு, பெரிய தொட்டி உள்ளவருக்குக் கொடுங்கள். சக்கரை எப்படியும் கொடுத்துவிடச் சொல்வேன். அது ஒரு அடிக்கு மேல் வளரும். 45 லிட்டருக்கு ஐந்து கோல்டுஃபிஷ் என்பதே நெருக்கடிதான். ஒரு மீனுக்கு 40 லிட்டராவது வேண்டும் என்பது என் கணக்கு. வாராவாரம் தவறாமல் தண்ணீர் மாற்றியதால்தான் எட்டு மாதம் ஓடியது. பிழைக்கிற மூன்றுக்கும் பெரிய தொட்டியை யோசியுங்கள். நன்றாக வைத்தால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும் உயிர் அது.

கறுப்பு மீன் தேறாது என்ற நிலை வந்தால், கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடுவதும் ஃப்ரீசரில் வைப்பதும் கொடுமை. கிராம்புத் தைலம் கலந்த தண்ணீரில் மயங்க வைத்து முடிக்கும் முறை இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கடைக்காரரிடம் பணம் கேட்கலாமா என்றால், கேட்கலாம். பில்லும் லேபிளும் இல்லாமல் நுகர்வோர் ஆணையம்வரை போவது கடினம். அடுத்த முறை இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

விரலில் கீறல் இருப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அது ஆறும்வரை கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள். மீன்தொட்டித் தண்ணீரில் இருக்கக்கூடிய ஒருவகை மைக்கோபாக்டீரியா, கீறல் வழியே போய்ச் சில வாரம் கழித்துச் சிவந்த கட்டியாக எழும்பும். ஆறாத கட்டி வந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். "வீட்டில் மீன்தொட்டி இருக்கிறது" என்பதை நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்கத் தோன்றாது.

கண்டம் பற்றி உங்கள் மாமியாரிடம் வாதாட வேண்டாம். என் அம்மாவும் அதைத்தான் சொல்வார். செத்த மீனுக்காக வருத்தப்படும் வீட்டுக்கு அது ஒரு ஆறுதல். ஆனால் மகளுக்கு மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எட்டு மாதமாக அவள் போட்ட தீனியில்தான் அந்த மீன் வளர்ந்து மீசை முளைக்கும்வரை வந்தது. அவள் எதையும் கொல்லவில்லை. டெஸ்ட் கிட் வந்ததும், சொட்டு எண்ணுகிற வேலையை அவளிடம் கொடுங்கள். நிறம் மாறும்வரை ஐந்து நிமிடம் காத்திருப்பது பெரியவர்களுக்குத்தான் கஷ்டம். தினமும் வரும் எண்ணை ஒரு நோட்டில் அவளே எழுதட்டும். முதல் வார எண்களை எனக்கு அனுப்புங்கள். ஆரஞ்சு மீனின் படமும், இந்த முறை இரண்டு பக்கமும் தெரியும்படி.